பைபாஸ் முடிந்து வந்த அப்பாவுக்குத் தியானம் உதவுமா?

"அப்பாவுக்கு 70 வயது. பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். தியானம், மூச்சைக் கவனிப்பது எல்லாம் உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அப்பாவுக்கு 72 வயதில் இதே ஆபரேஷன். உதவியது. ஆனால் தியானம் என்று நான் வாயெடுத்த அன்றே, "என்னை இப்பவே காசிக்கு அனுப்பப் பாக்குறியா?" என்றுவிட்டார். அந்த வார்த்தையை அப்புறம் நான் எடுக்கவே இல்லை.

வழி காட்டியது, மூச்சுப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவிதான். 600, 900, 1200 என்று போட்டிருக்குமே, அது. பலர் அதை ஊதுவார்கள்; உறிஞ்ச வேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பதால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டும், நிமோனியா வரை போகலாம். அப்பாவோ பந்தயம் மாதிரி மூன்றாவது பந்தை ஏற்றப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் பெண்தான், "மெதுவா இழுங்க ஐயா. ஏறின பந்தை அப்படியே நிக்க வச்சு, அதையே பாருங்க" என்றார். சம்மணம் போடாமல், கண்ணை மூடாமல் மூச்சைக் கவனிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ராத்திரி. இரண்டு மணிக்கு எழுப்பி, "நெஞ்சு வலிக்குது" என்பார். டாக்டர் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979ல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் ஒன்று உண்டு: படுத்தபடியே கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு பாகமாகக் கவனித்து வருவது. அங்கே முக்கால் மணி நேரம், எங்கள் வீட்டில் பத்து நிமிஷம். நான் சொல்லிக்கொண்டே வருவேன். நெஞ்சு வந்ததும், "அங்க வேணாம், தாண்டிப் போ" என்பார். பல நாள் தாண்டினேன்.

ஒரு நாள் அவரே நிறுத்தினார். "இடது பக்கம் மரத்துக் கிடக்கு. நடுவுல இழுக்குது. கீழ அரிக்குது. வலிங்கிறது இருமும்போதுதான்."

அதுவரை இது அத்தனைக்கும் ஒரே பெயர், நெஞ்சு வலி. அடுத்த செக்கப்பில் இதையே சொன்னார். பைபாஸுக்காக நெஞ்சின் உட்சுவரிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தால் அந்தப் பக்கம் மரத்துப்போவது சகஜம் என்றார் டாக்டர். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். வலி இருந்தது, இரண்டு மணிக்கு என்னை எழுப்புவது குறைந்தது.

இதற்காக வலி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூச்சை அடக்குவது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி எல்லாம் சர்ஜன் சொல்லாமல் வேண்டாம். ஐசியூவில் இரண்டாம் நாள் அப்பா சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதுண்டு. அப்போது கண்ணை மூடச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து, இன்று என்ன கிழமை என்று பேச்சுக்கொடுங்கள். புதிதாக நெஞ்சு வலி, மூச்சுவாங்கல், காய்ச்சல், தையலில் கசிவு என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, பக்கத்தில் உட்காரும்போது செல்போனை வேறு அறையில் வையுங்கள். ஒருமுறை நடுவில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டேன். "முழங்காலை ரெண்டு தடவை சொல்லிட்ட" என்றார், கண்ணைத் திறக்காமலே.