குரோன் நோய்க்கு மாத்திரையை விட்டு மருத்துவக் கஞ்சாவுக்கு மாறலாமா?

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் உள்ள உங்கள் தம்பி, மாத்திரைகளை நிறுத்திவிட்டு மருத்துவக் கஞ்சாவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம் என்பதே என் பதில். அதே நோயோடு சேலத்தில் வாழ்ந்து, வேலைக்காக ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய்வருகிறவன் நான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கிறவனுக்கு, வலியை அடக்கும் எதுவும் வரமாகத்தான் தெரியும். தம்பியின் ஏக்கம் எனக்குப் புரிகிறது.

கஞ்சாவுக்கு அந்தத் திறன் உண்டு. அதிலுள்ள வேதிப்பொருள்களை ஏற்கும் ஏற்பிகள் நம் குடல் நரம்புகளில் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் குடலின் அசைவு மெதுவாகிறது, வலி தணிகிறது. இஸ்ரேலில் 21 குரோன் நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. போதைச் சத்து நீக்கிய கஞ்சாவைப் புகைத்த 10 பேரில் 4 பேருக்கே அப்படிக் குறைந்தது. ஆனால் கஞ்சா எண்ணெயைக் கொடுத்து அங்கேயே செய்து 2021-இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் தேறியதாக உணர்ந்தபோதும், உள்நோக்கியில் தெரிந்த புண்களோ அழற்சியைக் காட்டும் பரிசோதனை அளவுகளோ குறிப்பிடும்படி மாறவில்லை.

நான் அஞ்சுவது இதற்குத்தான். குரோனில் வலி குறைவது வேறு, நோய் குறைவது வேறு. எனக்கு வலியே இல்லாதிருந்த ஒரு மழைக்காலத்தில் எடுத்த மலப் பரிசோதனையில், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு ஏறியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் என் மருந்தை மாற்றினார். உள்ளே அழற்சி தொடர்ந்தால் குடல் தழும்பேறிச் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம், சீழ்க்கட்டியும் பௌத்திரமும் உண்டாகலாம். வலியை மட்டும் மழுங்கடித்தவருக்கு இவை முற்றிய பிறகே தெரியவரும். நெடுநாள் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் வரும் கோளாறு ஒன்றை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004-இல் விவரித்தார்கள். குரோன் உள்ளவருக்கு அது வந்தால் குடலடைப்போ என்று எண்ணிக் குழம்ப நேரும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சாப் பூவை ஒரு கிலோவுக்குக் குறைவாக வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வலிக்காக வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. மலையில் யாரோ தருகிறார் என்று தம்பி சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கஞ்சா இலையிலிருந்து உரிமத்தோடு தயாராகும் ஆயுர்வேத மருந்துகள் வைத்தியரின் சீட்டுக்கு விற்கப்படுகின்றன. தம்பி அவற்றை நாடினாலும், குடல்நோய் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது, இருக்கும் மருந்தையும் நிறுத்தக் கூடாது.

மாத்திரை ஏன் சலித்தது என்று அவரிடமே கேளுங்கள். குமட்டலோ பலனின்மையோ காரணமானால், அசாதயோபிரின் என்ற குரோன் மாத்திரைக்கு மாற்றாக அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். குடல் காசநோயும் குரோனும் ஒன்றுபோலவே தோன்றுவதால், நம் ஊரில் அதைக் கூடுதல் கவனத்தோடு செய்யச் சொல்லுங்கள்.