பிட்காயின் முகவரியில் ‘மணி’ நொடிகளில் கிடைக்கிறது, அதே நான்கு எழுத்துள்ள ‘ராஜி’ ஏன் வரவில்லை?

உங்களுக்குப் பிடித்த பெயரில் தொடங்கும் முகவரி (பிட்காயின் பெறும் கணக்கு எண் போன்றது) கிடைக்கும்வரை, சாவிகளை மாற்றி மாற்றி முயலும் நிரலை ஓடவிடுகிறீர்கள். உங்கள் கணினியிலும் அந்த நிரலிலும் குறை எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் நான்கெழுத்துப் பெயர்கள்தான். ஆனால் ஒன்று ‘எம்’மில் தொடங்குகிறது, மற்றொன்று ‘ஆர்’இல். வினை அங்கேதான் இருக்கிறது.

1 என்று தொடங்கும் பழைய வகை முகவரி 25 பைட் கொண்ட ஒரு பெரிய எண். முதல் பைட் பூச்சியம். அதுவே 1 என்று தெரிகிறது. அடுத்த 20 பைட் பொதுச் சாவியின் (ரகசியச் சாவியிலிருந்து பெறும் எண்) ஹாஷ், அதாவது அதைக் கணக்கிட்டுச் சுருக்கிய எண்; கடைசி 4 பைட் எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு. ஒரு பைட் என்பது 8 பிட். ஆக, 1-க்குப் பின்னால் இருப்பது 192 பிட். அதை எண்கள், பெரிய ஆங்கில எழுத்துகள், சிறிய எழுத்துகள் என்ற வரிசையில் உள்ள 58 குறிகளால் எழுத 33 இடங்கள் வேண்டும். ஆனால் அவற்றில் முதல் இடம் முழுதாக நிரம்பாது. தேதியை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பாருங்கள்: முதல் இலக்கம் 3-ஐத் தாண்டுவதே இல்லை அல்லவா? அதுபோல இங்கே 24-ஆவது குறியான பெரிய ‘க்யூ’வோடு வரிசை நின்றுவிடுகிறது. ‘ஆர்’ அதற்கு அடுத்த குறி! மொத்தம் 34 எழுத்துள்ள முகவரியில் 1-ஐ அடுத்து வர அதற்கு இடமே கிடையாது. ஓர் எழுத்துக் குறைந்த முகவரிகளில்தான் வரும். அவை அரிது. அதனால் ‘மணி’க்குச் சராசரியாக 45 லட்சம் முயற்சி போதும், ‘ராஜி’க்கு 26 கோடி வேண்டும். நிறுத்தாமல் ஓடவிடுங்கள், கிடைக்கும்.

நான் தடுமாறியது வேறிடத்தில். என் மனைவி பெயர் கலா. நிரல் அதைத் தேடவே மறுத்தது. பார்த்தால் சிறிய ‘எல்’ அந்த 58-இல் இல்லை. பூச்சியம், பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ நான்கையும் கண் குழம்பக்கூடாது என்று நீக்கியிருக்கிறார்கள். கையால் எழுதி வைப்பவர்களை நினைத்துச் செய்த நல்ல வேலை என்றே சொல்வேன்.

பிறகு ‘பிசி1க்யூ’ என்று தொடங்கும் புதிய வகைக்குப் போனேன். அங்கே 32 குறிகள், ஒவ்வொன்றும் சரியாக 5 பிட். 160 பிட் ஹாஷ் மிச்சமின்றி 32 இடங்களில் அமர்கிறது. எந்த எழுத்துக்கும் ஓரவஞ்சனை இல்லை. ‘கலா’ பத்து லட்சம் முயற்சி அளவில் கிடைக்கக்கூடிய பெயர், கிடைத்தும் விட்டது. ஆனால் அந்த 32-இல் ‘ஐ’ இல்லை. ராஜிக்கும் மணிக்கும் பழைய வகைதான் வழி.

ஒன்று மட்டும்: பெயர் முகவரியைத் தேடித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களிடம் போகாதீர்கள். முகவரியை உருவாக்குபவர் கையில், அதிலுள்ள பணத்தை எடுக்கவல்ல ரகசியச் சாவியும் இருக்கும்.