இசைத்தட்டின் ஒலி குறுந்தகட்டைவிட உயர்ந்ததா?

இசைத்தட்டில் பாட்டு நெளிந்தோடும் ஒரு பள்ளம். ஊசி அதில் உரசி ஓடும்போது ஒலி பிறக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிலோ அதே ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக இருக்கிறது. லேசர் அதைத் தொடாமலே படிக்கிறது.

துல்லியத்தில் குறுந்தகடே மேல். இசைத்தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. இன்லண்ட் கடிதத்தில் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, கடைசி மடிப்பில் இடமின்றி நுணுக்கி எழுதுவோமே, அப்படித்தான் கடைசிப் பாட்டின் அலைகளும் நெருக்கப்பட்டுத் தெளிவு குறைகிறது. தூசியும் தேய்மானமும் வேறு. ஆனாலும் அந்த இதமான ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும்.

'எண்களுக்கு இடையிலுள்ள இசை குறுந்தகட்டில் தொலைந்துவிடுகிறது' என்பது மட்டும் தவறு: மனிதக் காது கேட்கும் எல்லையான நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை அலையை இடைவெளியின்றி மீட்க அந்த 44,100 அளவுகள் போதும்.