தலைக்கு மேல் சுற்றும் றெக்கை: கேட்டார்கள், சொன்னேன்

விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது வண்டியின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேத்தக், எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் கை கருத்தவன். இப்போது சூலூர்ப் பக்கம் நாலு தென்னை, இரண்டு மாடு. ஹெலிகாப்டர் றெக்கை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவைத்தேன். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இவை.

ஐயா, எங்க தோட்டத்துக்கு மேல அடிக்கடி ஹெலிகாப்டர் போகுதுங்க. சில சமயம் சத்தமே தெரியறதில்லை, சில சமயம் 'டப் டப்'னு நெஞ்சுல அடிக்குது. ஏனுங்க? (காங்கேயம்பாளையம், விவசாயி)

ஒவ்வொரு பிளேடும், அதாவது றெக்கையும், காற்றை வெட்டிப் போகும்போது அதன் நுனியில் ஒரு சுழல் உண்டாகிறது. நேராகப் பறக்கையில் அந்தச் சுழல் கீழே இறங்கி, பின்னால் போய்விடும். இறங்கி வரும்போதும் திரும்பும்போதும் முன் பிளேடு விட்ட சுழலிலேயே அடுத்த பிளேடு போய் மோதும். அந்த மோதல்தான் 'டப் டப்'. உங்கள் தோட்டம் அவர்கள் இறங்க வரும் பாதையில் இருக்கிறது போல.

அண்ணா, நாங்க பம்ப்செட் ரோட்டாருக்கும் இம்பெல்லருக்கும் பேலன்சிங் பண்றோம். ஹெலிகாப்டர் பிளேடுக்கும் அதே மாதிரிதானா? (கணபதி, பட்டறைக்காரர்)

நம் தொழிலுக்கு நெருக்கமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்ஐ-17இன் ரோட்டார் (பிளேடுகள் எல்லாம் சேர்ந்த சுழலி) 21 மீட்டருக்குச் சற்று மேல் விட்டம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 192 சுற்று. உங்கள் மோட்டார் 2,900 சுற்றும் என்பதால் 192 என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நுனி மணிக்கு 770 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே ஒரு பொருள் தன் எடையைப் போல 430 மடங்குக்கு மேல் இழுக்கும். 50 கிராம் எலுமிச்சம்பழத்தை நுனியில் ஒட்டினால் 22 கிலோ இழுவை. அப்படியானால் பிளேடு முழுவதும் சேர்ந்து அடிக்கட்டையில் எவ்வளவு டன் இழுக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு பிளேடின் நுனியில் பெயின்ட் உரிந்திருந்தது. அழகாக இருக்கட்டுமே என்று தாராளமாக இரண்டு கோட் அடித்துவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் வண்டி முழுக்க ஆட்டம். சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று மாலை வரை தேய்த்தேன்.

பேலன்சிங் பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு டிராக்கிங் என்று பெயர். எல்லா பிளேடின் நுனியும் ஒரே தளத்தில் ஓட வேண்டும், ஒன்று மேலே, ஒன்று கீழே ஓடக்கூடாது. பழைய முறை வேடிக்கையானது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு நிறச் சாக்குக்கட்டியைப் பூசி, ரோட்டாரைச் சுழலவிட்டு, கம்பத்தில் கட்டிய துணியை மெதுவாக நுனியருகே சாய்ப்பார்கள். ஒவ்வொரு பிளேடும் அதில் தன் நிறத்தை இட்டுவிட்டுப் போகும். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விலகி விழுந்தால் பிளேடின் சாய்வை (அதுதான் பிட்ச்) மாற்றும் பிட்ச் லிங்க் என்ற தண்டின் நீளத்தை மாற்ற வேண்டும், அல்லது பிளேடின் பின்விளிம்பில் இருக்கும் சிறு தகட்டை ஒரு மயிரிழை வளைக்க வேண்டும். கம்பம் பிடிப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது கேமராவும் அதிர்வு சென்சாரும் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நல்லதுதான்.

சார், முன்னால் பறக்கும்போது ஒரு பக்க பிளேடுக்கு அதிகக் காற்றும் மறுபக்கத்துக்குக் குறைந்த காற்றும் கிடைக்குமே, ஏன் கவிழ்வதில்லை? (பீளமேடு, ஏரோநாட்டிகல் மாணவி)

சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அம்மிணி. மேலே சொன்ன அதே வண்டி மணிக்கு 240 கிலோமீட்டரில் போனால், முன்னோக்கி வரும் நுனியில் காற்று மணிக்கு 1,010 கிலோமீட்டரில் மோதும், பின்னோக்கிப் போகும் நுனியில் 530தான். ஆரம்பகால முயற்சிகள் பல இதில்தான் கவிழ்ந்தன. ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா தன் ஆட்டோஜைரோவில் (எஞ்சின் சுற்றாமல் காற்றே ரோட்டாரைச் சுற்றும் வானூர்தி) பிளேடின் அடியில் கீல் வைத்தார். 1923இல் அது பறந்தது. கீல் இருப்பதால் முன்னோக்கி வரும் பிளேடு தானாக மேலெழும்பித் தன் தூக்குவிசையைக் குறைத்துக்கொள்கிறது, பின்னோக்கிப் போவது தாழ்ந்து கூட்டிக்கொள்கிறது. கதவுக்குக் கீல் போட்ட மாதிரி அவ்வளவு எளிது, ஆனால் அது தோன்ற வேண்டுமே!

நம் துருவ் ஹெலிகாப்டரில் அந்தக் கீலே கிடையாது. கூட்டிழைப் பொருளில் செய்த பிளேடின் அடிப்பகுதியே மூங்கில் போல வளைந்து கீலின் வேலையைச் செய்கிறது. ஜெர்மனியின் போ-105 ஹெலிகாப்டர் 1967இலேயே கீல் இல்லாத ரோட்டாருடன் பறந்தது. துருவ் முதலில் பறந்தது 1992இல். மயில் வண்ணம் பூசிய, விமானப்படையின் சாரங் சாகசக் குழு சூலூர்த் தளத்திலிருந்து போய் வித்தை காட்டுவது இந்த துருவில்தான். சுண்டினால் திரும்பும் அந்தச் சுறுசுறுப்புக்கு விறைப்பான ரோட்டார் ஒரு பெரிய காரணம்.

நான் காற்றாலை பிளேடு பழுது பார்க்கறவன். எங்க பிளேடும் உங்க பிளேடும் சொந்தம்தானுங்களா? (கேத்தனூர்)

பங்காளிகள்தான், குணம் வேறு. இரண்டிலும் கண்ணாடியிழை, பிசின், முறுக்கிய வடிவம் எல்லாம் உண்டு. உங்கள் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் தன் எடையால் இப்படியும் அப்படியும் வளைகிறது. எங்களுடையது நிற்கும்போது தொங்கும், சுற்ற ஆரம்பித்தால் இழுவையில் விறைத்துக்கொள்ளும். ஈரத்துண்டைச் சுழற்றிப் பாருங்கள், தெரியும்.

முன்விளிம்பு தேய்வது இரண்டுக்கும் பொதுத் தலைவலி. அதற்காக எங்கள் பிளேடுகளில் டைட்டானியம், ஸ்டீல், நிக்கல் போன்ற உலோகப் பட்டை ஒட்டியிருக்கும். மணல்வெளியில் இரவில் இறங்கினால் மணல் உரசிப் பொறி பறந்து ரோட்டாரைச் சுற்றி ஒளிவட்டமே தெரியும்.

அப்புறம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குச் சோறு போடுகிறது, எங்களுக்கு வேலை வைக்கும். ஆடிக்காற்றில் நிற்கும் வண்டியின் பிளேடுகளைக் கட்டாமல் விட்டால் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். பலத்த காற்றில் ஸ்டார்ட் செய்வதும் ஆபத்து. வேகம் பிடிக்காத பிளேடு தாழ்ந்து வால் பகுதியையே வெட்டிவிடும்.

உள்ளே விரிசல் விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? (திருச்செங்கோடு, ரிக் மெக்கானிக்)

எம்ஐ-17 பிளேடின் முதுகெலும்பு, உள்ளே கூடான அலுமினியத் தண்டு. அதற்குள் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சிறு காட்டி. எங்காவது விரிசல் விட்டால் காற்று கசிந்து அழுத்தம் குறையும், காட்டியில் சிவப்பு தெரியும். சிவப்பைப் பார்த்தால் வண்டி கிளம்பாது, அதிகாரி வந்து சொன்னாலும் கிளம்பாது. கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது.

ஒட்டு விட்டுப்போவதைக் காட்டிக்கொடுப்பது நாணயம். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தை. விளிம்பை எடுத்துவிட்ட நாணயத்தால் பிளேடு முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டிங்' என்றால் சரி. 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் அங்கே தோல் உள்கூட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது. அமெரிக்காவின் ராபின்சன் சிறு ஹெலிகாப்டர்களில் நுனிப்பக்கப் பெயின்ட் தேய்ந்து, ஒட்டுக்கோடு வெளியே தெரிந்து, தோல் உரிந்ததுண்டு. பெயின்ட் வெறும் அழகுக்கு என்று நினைத்த எனக்கும் அது பாடம்தான், ஆனால் அளவோடு அடிக்க வேண்டும்!

2021இல் குன்னூர் பக்கம் விழுந்ததே, அதுவும் பிளேடு கோளாறா? (அன்னூர், ஆசிரியை)

இல்லைங்க. அன்று சூலூரிலிருந்து கிளம்பிய எம்ஐ-17வி5 அது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரையும் இழந்தோம். 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட விசாரணை முடிவு, இயந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தப்பி மலையில் மோதியது என்பதுதான் அதில் சொன்ன காரணம். இதைப் பற்றி வதந்தி பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எஞ்சின் நின்றால் கல்லுப் போல விழுமா? (சத்தியமங்கலம்)

விழாது. பிட்சைக் குறைத்தால் கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றவைக்கும். தரைக்கு அருகில் பிட்சைக் கூட்டி அந்தச் சுழற்சியைச் செலவழித்து இறங்குவார்கள். ஒரே ஒரு வாய்ப்புதான், அதனால்தான் திரும்பத் திரும்பப் பழகுவார்கள்.

அண்ணா, தென்னைக்கு மருந்தடிக்கற ட்ரோன்ல றெக்கை ஓரம் லேசா வெடிச்சிருச்சு. பசை போட்டு ஒட்டிக்கலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம் தம்பி. மேலே எலுமிச்சம்பழக் கணக்கைப் படித்தீர்கள்தானே. மடக்கு றெக்கையாக இருந்தால் வெடித்ததை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள், எடை ஒத்துப்போகும். மருந்து காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், அதுவும் எடைதான். கழற்றிய பழசை யாரும் திரும்ப மாட்டிவிடாதபடி இரண்டாக உடைத்துப் போடுங்கள்.