ஸ்னோ ப்ளோவருக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

கேள்வி: ஒட்டாவாவில் இந்த வருடம்தான் வீடு வாங்கினோம். பனியை அள்ளி வீசும் பழைய டூ-ஸ்டேஜ் ஸ்னோ ப்ளோவர் ஒன்றும் கைமாறி வந்தது. ஆயில் குறைவாக இருந்ததால் புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கிய எஸ்.ஏ.ஈ. 30 ஆயிலை ஊற்றினேன். டிசம்பரில் ஓடியது. இப்போது மைனஸ் 24-இல் கயிற்றை இழுக்கவே வரவில்லை. காருக்கு வாங்கிய 0டபிள்யூ-20 ஒரு கேன் மிச்சம் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஊற்றுங்கள். மெஷினோடு வந்த கையேடு இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். கைமாறி வந்த மெஷின் என்பதால் தொலைந்திருக்கலாம். இன்ஜின் மேல் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்துவிடும். ஹோண்டாவோ, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனோ, பனிக்கால இன்ஜின் என்றால் பெரும்பாலும் 5டபிள்யூ-30 என்றுதான் போட்டிருப்பார்கள்.

கேனில் இருக்கும் இரண்டு எண்களும் வெவ்வேறு வேலையைச் சொல்கின்றன. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதற்கு. எண் குறையக் குறைய கடுங்குளிரிலும் ஓடும். பின்னால் இருப்பது இன்ஜின் சூடான பிறகு, 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. எஸ்.ஏ.ஈ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரப்படி 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25-இலும், 5டபிள்யூவை மைனஸ் 30-இலும், 0டபிள்யூவை மைனஸ் 35-இலும் வைத்து, அந்தக் குளிரில் இன்ஜினைச் சுற்ற முடியுமா என்று சோதிக்கிறார்கள். நீங்கள் ஊற்றிய எஸ்.ஏ.ஈ. 30-இல் டபிள்யூவே இல்லை. அதாவது குளிருக்கான உத்தரவாதம் எதுவும் அதற்குக் கிடையாது. கோடையில் புல்வெட்ட அருமையான ஆயில்தான். ஆனால் 4 டிகிரிக்குக் கீழே போனாலே ஸ்டார்ட் ஆவது கஷ்டம் என்று பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் சொல்கிறது. மைனஸ் 24-இல் அது ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி கிடக்கும். கயிறு எப்படி வரும்?

கயிறு வராதது கூடச் சின்னப் பிரச்சினைதான். மின்சார ஸ்டார்ட்டர் இருந்தால் ஒயரைச் செருகி எப்படியோ ஓட வைத்துவிடுவீர்கள். அங்கேதான் ஆபத்து. கார் இன்ஜினில் பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்பும். ஸ்னோ ப்ளோவரின் சிறிய இன்ஜின்களில் பலவற்றில் பம்ப் கிடையாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி போன்ற துண்டு, சுற்றும்போது ஆயிலில் முங்கி மேலே வாரி அடிக்கும். அந்தத் தெறிப்பில்தான் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் நனையும். ஆயில் இறுகிக் கிடந்தால் கரண்டி அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு வெறுமனே சுற்றும். மேலே எதுவும் தெறிக்காது. சூடேறும் வரை உலோகமும் உலோகமும் உரசும். இன்ஜினின் ஆயுள் தேய்வது இந்த முதல் சில நிமிடங்களில்தான்.

சரி, அப்படியானால் 0டபிள்யூ-20 இன்னும் இளகியதுதானே என்று தோன்றும். குளிரில் அது நன்றாகவே ஓடும். ஆனால் இது காற்றால் குளிரும் இன்ஜின். சாலைப் பனிவண்டி தள்ளிவிட்டுப் போகும் கெட்டிப் பனியை முழு வேகத்தில் அள்ளும்போது, வெளியே எவ்வளவு குளிரானாலும் உள்ளே நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில் 20 ஆயிலின் படலம் மெலிந்துவிடும். இந்த இன்ஜின்கள் 30-ஐ வைத்து வடிவமைக்கப்பட்டவை. மிச்சக் கேன் காருக்கே இருக்கட்டும்.

மைனஸ் 30-ஐ அடிக்கடி தொடும் ஊர்களில், மெஷினும் வெளியே தார்ப்பாய்க்குள் நிற்கிறது என்றால், கையேடு அனுமதித்தால் 0டபிள்யூ-30 சிந்தெடிக் போடலாம். ஒட்டாவாவுக்கு, அதுவும் கராஜுக்குள் நிறுத்தினால், 5டபிள்யூ-30 போதும். இதில் ஒன்று கவனியுங்கள்: செய்தியில் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 38’ என்று சொல்வது நம் தோலுக்கான கணக்கு. நிற்கிற மெஷினின் ஆயில், காற்று எவ்வளவு அடித்தாலும் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. அந்த எண்ணைப் பார்த்து ஆயில் வாங்காதீர்கள்.

ஆயில்தானா காரணம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளலாம். மெஷினை ஓர் இரவு வெதுவெதுப்பான இடத்தில் நிறுத்துங்கள். காலையில் கயிறு லேசாக வந்தால் கெட்டிப்பட்ட ஆயில்தான் காரணமாக இருக்கும். இல்லை, ஸ்டார்ட்டருக்குள் தண்ணீர் போய் உறைந்திருந்தாலும் இப்படியே இருக்கும். எப்படியானாலும் ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது, வெதுவெதுப்பில் ஆயில் இளகிய பிறகு மெஷினை வெளியே தள்ளி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கராஜுக்குள் வேண்டவே வேண்டாம். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அப்புறம் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். இந்த இன்ஜின்களில் சிறியவை 600 மில்லி பிடிக்கும், பெரியவை ஒரு லிட்டருக்குச் சற்று மேல். அதனால் ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சமதரையில் வைத்து டிப்ஸ்டிக்கில் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா செருகி எடுத்து அளக்க வேண்டும், பிரிக்ஸில் முழுக்கத் திருகி எடுத்து அளக்க வேண்டும். முறை மாறினால் அளவும் மாறும். கூடுதலாகப் போனால் ஆயில், இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஏறி, நீலப்புகை கக்கும்.

மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் வழுவழுவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் ஆயிலோடு கலந்து அப்படி ஆகும். அதே ஈரம் பிரீதர் குழாயில் உறைந்து அடைத்தால், அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் வெளியே தள்ளும். பனி கொஞ்சமாக இருந்தாலும், ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். சீசனுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றுங்கள்; பலவற்றில் ஃபில்டரே கிடையாது, அழுக்கெல்லாம் அந்த 600 மில்லியில்தான் சேரும்.

முன்னால் பனியை அள்ளும் ஆகர் நடுவே இருக்கும் கியர்பாக்ஸ் வேறு சங்கதி. அதற்கு இந்த ஆயில் ஆகாது. அந்த மாடலுக்குச் சொன்ன கியர் ஆயிலோ கிரீஸோ மட்டும்தான்.

வடித்த ஆயிலை பழைய கேனில் இறுக மூடி, நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுங்கள். பனியில் ஊற்றினால் வசந்தத்தில் உருகி நேரே சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போய்விடும்.