அம்மாகிட்ட ஏன் சொல்லல?

கேள்வி: பி.என்.ஒய்.எஸ். (நேச்சுரோபதிங்கற இயற்கை மருத்துவமும் யோகாவும் சேந்த டிகிரி) முடிச்சு ஈரோடு பக்கம் சின்னதா கிளினிக் வெச்சிருக்கேன். சுகப்பிரசவம் பாக்கணும்ங்கறதுதான் என் ஆசை. ஆன்லைன்ல இயற்கைப் பிரசவ பயிற்சி முடிச்சு சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன். அமெரிக்காவுல நேச்சுரோபதி டாக்டர்ஸே பிரசவம் பாக்கறாங்க, இங்க மட்டும் எங்கள ஏன் ஒதுக்கறாங்க? தங்கச்சிக்கு இப்ப எட்டாம் மாசம், தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. சிசேரியன் பயத்துல அவளே, நீயே பாத்துடுக்கான்னு சொல்லிட்டா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, பயந்துடுவாங்க. இந்தத் துறையில மேல எப்படிப் போறதுன்னு வழி சொல்லுங்க.

பதில்: டாக்டரம்மா, உங்க லெட்டர்ல முக்கியமான வரி கடைசிக்கு முந்தி இருக்கு. அம்மாகிட்ட சொல்லல. அமெரிக்காவையும் சர்டிபிகேட்டையும் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க, ஏன் சொல்லல?

பயந்துடுவாங்கன்னு இல்ல. ரெண்டு புள்ள பெத்தவங்க, என்ன பெரிய பயம். சொன்னா அவங்க ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, "இதுவரைக்கும் உன் கையால எத்தனை புள்ளைய எடுத்திருக்கே?" அதுக்கு உங்ககிட்ட பதில் இல்ல, அதான் சொல்லல. முழுக் கடுதாசியிலயும் ஒரு பிரசவம் பாத்தேன்னு ஒரு வரி கிடையாதே, நான் ரெண்டு தடவ தேடிட்டேன்.

தங்கச்சிக்கு உங்கமேல நம்பிக்கைதான், அக்காங்கற நம்பிக்கை. அத எடுத்து அனுபவம் இருக்கற இடத்துல வெச்சுட்டீங்க. தலைப்பிரசவத்துக்குப் பொண்ண தாய்வீட்டுக்கு அனுப்பறாங்கன்னா அந்த வீட்டுப் பெரியவங்க பொறுப்புல விடறாங்கன்னு அர்த்தம். பெத்தவங்களுக்கே தெரியாம அந்த வீட்டுக்குள்ள ஒரு பிரசவத்துக்கு நாள் குறிக்கறது என்ன நியாயம்? மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கறேன்.

குழந்தை வர்றவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போகும், முக்கால்வாசி நேரம் அப்படித்தான். அதுக்கப்புறம் நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்கணும், அடிவயித்துல கைய வெச்சா கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியா தட்டுப்படணும். தொளதொளன்னு இருந்தா ரத்தம் நிக்காது. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது, கணக்கு நீங்களே போட்டுக்குங்க. அதுக்குத்தான் ஆஸ்பத்திரில குழந்தை வந்த கையோட கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கற ஆக்சிடோசின் ஊசி பத்து யூனிட் போடறாங்க. அந்த ஊசி உங்க வீட்டுல இருக்கா? குழந்தை அழலைன்னா முதல் நிமிஷத்துக்குள்ள பேக் மாஸ்க் (முகத்துல வெச்சு அமுக்கற காத்துப்பை) வெச்சு மூச்சு கொடுக்கணும், நிஜக் குழந்தைக்கு ஒரு தடவையாவது கொடுத்திருக்கீங்களா? 2018-ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பண்ணி ஒரு டீச்சர் ரத்தப்போக்குல செத்துப்போனது உங்க ஊருக்குப் பக்கத்துலதான் நடந்துச்சு.

அமெரிக்கா கதைய பாதிதான் படிச்சிருக்கீங்க. சியாட்டில் பக்கத்துல பாஸ்டிர் யுனிவர்சிட்டி நேச்சுரோபதிக்குப் பேர்போன இடம், 2010-ல அவங்க சியாட்டில் மிட்வைஃபரி ஸ்கூலையே, அதாவது பிரசவம் பாக்கற மிட்வைஃப்களுக்குச் சொல்லித்தர்ற பள்ளியையே, தங்களோட சேத்துக்கிட்டாங்க. பிரசவம்ங்கறது தனிப் படிப்புன்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். அதே அமெரிக்காவுல ஆரிகான் மாநிலத்துல நேச்சுரோபதி டாக்டர் பிரசவம் பாக்கலாம், ஆனா அதுக்குத் தனி சர்டிபிகேட், தெரிஞ்சவங்க மேற்பார்வையில பிரசவம் பாத்துட்டு வாங்கறது, லேப்டாப் முன்னாடி உக்காந்து வாங்கறது இல்ல. ஐரோப்பாவுல மிட்வைஃப் ஸ்டூடண்ட் பொதுவா 40 பிரசவமாவது தன் கையால பாத்தாத்தான் பாஸ். அவ்வளவு ஏன், நம்ம ஊரு மருத்துவச்சிகூட மாமியார் பின்னாடியே வருஷக்கணக்கா வெந்நி தூக்கிட்டுப் போய்த்தான் தொழில் கத்துக்கிட்டா.

உங்க ஆதங்கத்துல ஒரு பக்கம் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2019-21 தேசிய குடும்பநல சர்வேபடி தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம், பிரைவேட்ல 63.8. இது அநியாயம். ஆனா இதுக்கு மருந்து லேபர் வார்டுக்குள்ள நல்ல மிட்வைஃப் வர்றது, உங்க வீட்டு பெட்ரூம் இல்ல. 2018-ல மத்திய அரசு மிட்வைஃபரிக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு, 18 மாசப் பயிற்சி, ஆனா நர்சிங் முடிச்சவங்களுக்கு மட்டும். ஹைதராபாத்ல ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி அதுக்கு ரொம்ப முன்னாடியே மிட்வைஃப்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சரை வருஷம் படிச்சு, அதுல மகப்பேறையும் ஒரு பாடமா படிச்ச உங்களுக்கு அந்த மாதிரி ஒரு பயிற்சிக்குக் கதவே இல்லைங்கறது தப்புதான்னு நானும் சொல்றேன். அதுக்கு நீங்களும் கூடப் படிச்சவங்களும் சேந்து அரசாங்கத்துகிட்ட கேளுங்க, மனு போடுங்க, சண்டை போடுங்க. தங்கச்சி வயித்த வெச்சு நிரூபிக்காதீங்க.

மேல போக வழி கேட்டீங்கல்ல, பிரசவம் அதிகமா நடக்கற ஒரு ஆஸ்பத்திரில கர்ப்பிணிகளுக்கு யோகா, மூச்சுப்பயிற்சி, சாப்பாடுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச வேலையில சேருங்க, அனுமதி வாங்கிக்கிட்டு லேபர் வார்டுல போய் நில்லுங்க. நைட் டியூட்டி சிஸ்டர் பக்கத்துல நின்னு வாய மூடிக்கிட்டுப் பாருங்க. எப்ப அவங்க டாக்டருக்குப் போன் போடறாங்கன்னு கவனிங்க, அந்த முடிவு எடுக்கறதுதான் பாதித் தொழிலே.

இந்தப் பிரசவத்துல நீங்க அக்கா மட்டும். அந்த வேலை சின்னது இல்ல. அரசு ஆஸ்பத்திரில பிரசவ நேரத்துல பெண் துணை ஒருத்தர் கூட இருக்க அனுமதி உண்டு, அது நீங்களா இருங்க. நடக்க வைங்க, இடுப்பு அமுக்கி விடுங்க, படுத்தே கிடக்காம உக்காரவும் சாயவும் உதவி பண்ணுங்க. கர்ப்பப்பை வாய் அஞ்சு சென்டிமீட்டர் திறக்கறதுக்கு முன்னாடி வலி மெதுவா போகுதுங்கறதுக்காக மட்டும் அவசரப்படக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2018-ல சொல்லியிருக்கு, சிசேரியன்னு பேச்சு வந்தா காரணம் என்னன்னு டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. படிச்ச அக்கா பக்கத்துல நின்னு கேட்டா அவங்களும் நின்னு பதில் சொல்லுவாங்க.

இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காரும்போதே அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க, திட்டுவாங்க, வாங்கிக்குங்க. நாளைக்குக் காலைல தங்கச்சிய செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போய் பி.பி.யும் ஹீமோகுளோபினும் பாத்துட்டு, எந்த ஆஸ்பத்திரின்னு மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிடுங்க, அவ குரூப் ரத்தம் கொடுக்க ரெண்டு பேரைத் தயாரா வெக்கட்டும்.