டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனில் மேஜ் ஆடுபவர் எந்த ஸ்பெஷலைசேஷனை எடுக்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் கேமை ஹார்ட் மோடில் மேஜாக, அதாவது மந்திரவாதியாக ஆடுகிறீர்கள். ஸ்கைஹோல்ட் கோட்டைக்கு வந்தாயிற்று, இனி ஸ்பெஷலைசேஷன், அதாவது தனித் திறமைப் பிரிவு ஒன்றை எடுக்க வேண்டும். கூட வரும் பார்ட்டியில் வாளும் கேடயமுமாக முன்னால் நிற்கும் கசாண்ட்ரா, வில்லாளி வாரிக், இன்னொரு மேஜான சோலஸ். நெருப்பு மந்திரம் பிடிக்கும், தள்ளி நின்று அடித்துப் பழக்கம். ஆனால் எதிரி கிட்டே வந்துவிட்டால் உயிர் போய்விடுகிறது. நெட்டில் பார்க்கிற இடமெல்லாம் நைட் என்சான்ட்டர்தான் பெஸ்ட் என்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். காரைக்குடி என்றும் போட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்திலே கானாடுகாத்தான். அதனால் நம் ஊர்ப் பையனுக்குச் சொல்வதுபோல நேராகவே சொல்கிறேன்: உங்களுக்கு நைட் என்சான்ட்டர் வேண்டாம். ரிஃப்ட் மேஜ் எடுங்கள்.

நைட் என்சான்ட்டருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. இந்த கேமில் வழக்கமான குணமாக்கும் மந்திரம் கிடையாது. ஆரம்பத்தில் மொத்தப் பார்ட்டிக்கும் சேர்த்து 8 மருந்துக் குப்பிதான். இழந்த ரத்தம் தானாக ஏறாது. பேரியர் என்ற மந்திரக் கவசம் போட்டால் அதுவும் நொடிக்கு நொடி தேய்ந்துகொண்டே போகும். இந்த நிலைமையில், அடிக்க அடிக்கத் தனக்குத்தானே பேரியர் ஊறிக்கொள்ளும் ஒரு ஆள் இருந்தால் அவரை யார் சாய்க்க முடியும்? நைட் என்சான்ட்டரின் ஃபேட் ஷீல்ட் செய்வது அதைத்தான். ஸ்பிரிட் பிளேட் என்ற ஒளி வாளை வீச வீசக் கவசம் நிரம்பும். 2014 நவம்பரில் கேம் வந்த புதிதில் இதை வைத்து டிராகனைத் தனியாளாகச் சாய்த்தவர்கள் உண்டு. பிற்பாடு பேட்ச் போட்டு அந்தப் பலத்தைக் குறைத்தார்கள். நீங்கள் படித்த பாராட்டில் பாதி, குறைப்பதற்கு முன்னால் எழுதியது. குறைத்த பிறகும் அது நல்ல ஸ்பெஷலைசேஷன்தான், மறுக்கவில்லை.

விஷயம் வேறு. அந்த வாளின் நீளம் கைக்கெட்டும் தூரம்தான். எதிரியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றால்தான் அது படும். நீங்களோ தள்ளி நின்று தீ வைப்பதில் சந்தோஷப்படுகிற ஆள். நைட் என்சான்ட்டர் எடுத்தீர்களானால், இதுவரை ஆசையாக ஆடிய ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, சண்டைக்குச் சண்டை ஓடிப்போய்க் கும்பலில் நிற்க வேண்டும். கேமை முழுதாக ஆடினால் நூறு மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு நேரமும் பிடிக்காத வேலையைப் பார்க்க முடியாது.

இன்னொன்று, நீங்கள் சாவது கவசம் இல்லாததாலா என்று முதலில் பாருங்கள். என் சித்தப்பா மகன் லீவுக்கு வந்திருந்தபோது நானும் அவனும் மாற்றி மாற்றி ஆடினோம். எங்கள் வீட்டில் வளவைச் சுற்றிய தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல். சித்திரை வெயிலில் லேப்டாப்பை அந்தக் குளிர்ந்த தரையில் வைத்து, பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டு ஆடுவோம். கேமின் ஹின்டர்லாண்ட்ஸ் என்ற பகுதியில் எதிரிக் கும்பல் ஒன்று. எதிரே கேடயக்காரன் ஒருத்தன் நிற்கிறான், நானும் சளைக்காமல் அவன் மேல் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். பயல் திரையின் ஓரத்தைக் காட்டி, "அண்ணே, அவன் கிடக்கட்டும். மறைஞ்சு வர்றான் பாருங்க ஒருத்தன், அவனை ஏன் கிட்ட விடுறீங்க? இழுத்து அந்தப் பக்கம் போடுங்க" என்றான். பார்த்தால், மேஜ் ஆடுபவரைச் சாகடிப்பது எதிரே நிற்கும் கேடயக்காரன் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வந்து இரட்டைக் கத்தி வீசுகிற ரோக்தான். இந்த வகைச் சாவுக்குக் கவசத்தைவிடத் தூரம்தான் நல்ல மருந்து.

அந்தத் தூரத்தை ரிஃப்ட் மேஜ் போல வேறு யாரும் உண்டாக்கித் தர முடியாது. புல் ஆஃப் தி அபிஸ் என்ற மந்திரத்தை ஓர் இடத்தில் போட்டால் சுற்றியிருக்கும் ஆட்களையெல்லாம் அந்தப் புள்ளிக்கு இழுத்துக் கொட்டும். வெயில்ஸ்ட்ரைக் கும்பலையே தரையோடு சாய்க்கும். ஸ்டோன்ஃபிஸ்ட் ஒரு பாறையைத் தூக்கி முகத்தில் அடிக்கும், வந்தவன் வந்த வழியே பறப்பான். இவற்றில் அடிபட்டவர்கள் பலவீனமாகிவிடுவார்கள், பலவீனமானவர்களுக்கு உங்கள் அடி கூடுதலாக விழும்.

உங்கள் நெருப்பு ஆசைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதைத்தான் நான் ரொம்ப ரசித்துச் சொல்வேன். ஃபயர் மைன் என்ற நெருப்புக் கண்ணிவெடி மந்திரத்தை எடுத்து வைத்திருப்பீர்கள். அதன் சேதம் பெரிசு, ஆனால் எல்லோரும் திட்டும் குறை ஒன்று உண்டு: தரையில் வைத்தவுடனே வெடிக்காது, சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் எதிரி நகர்ந்துவிடுவான். இப்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்களுக்குத் தோதான இடத்தில், கசாண்ட்ராவுக்குக் கொஞ்சம் முன்னால், ஃபயர் மைனை வையுங்கள். தரையில் அந்தச் சிவப்பு வட்டம் சூடேறட்டும். பொறுங்கள். அது தயாரானதும் அதன் நடுவில் புல் ஆஃப் தி அபிஸைப் போடுங்கள். நாலு பக்கமும் சிதறி நின்றவர்கள், தூரத்தில் நிம்மதியாக வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றவன் உட்பட, காலை இழுத்துக்கொண்டு வந்து அந்த வட்டத்தில் மிதிப்பார்கள். ஒரே வெடி. ஹார்டில் ஆடும்போது அந்த ஒரு நொடியில் கிடைக்கும் திருப்தி எந்த வாள்வீச்சிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

"சோலஸும் ரிஃப்ட் மேஜ்தானே, ஒரே வேலைக்கு ரெண்டு ஆளா?" என்று யாராவது கேட்பார்கள். கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பிலிருந்து சோற்று அண்டாவை இறக்கப் போனால் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கத்தானே வேண்டும்? இதுவும் அதுமாதிரிதான். ஒரு தடவை இழுத்துவிட்டால் மறுபடி இழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சோலஸ் இழுப்பார், நீங்கள் தீ வைப்பீர்கள். அவரை நெருப்புப் பக்கமே விடாமல் பனியும் பேரியரும் கொடுத்து வையுங்கள். அவர் வின்டர்ஸ் கிராஸ்ப் போட்டு ஒருத்தனை உறைய வைத்ததும் நீங்கள் ஸ்டோன்ஃபிஸ்ட் எறிந்தால் காம்போ வெடிக்கும், இரண்டும் சேர்ந்து கூடுதல் சேதம். பார்ட்டியின் டாக்டிக்ஸ் பக்கத்தில் பேரியரை முதல் விருப்பமாகக் குறித்து வைத்தால் அவரே பார்த்துப் பார்த்துப் போடுவார்.

டிராகன்களிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அவ்வளவு பெரிய உருவத்தை எந்த மந்திரமும் இழுக்காது. நீங்கள் முதலில் சந்திக்கப் போகிற ஃபெரெல்டன் ஃப்ராஸ்ட்பேக் கக்குவதே நெருப்பு. உங்கள் தீ அதை ஒன்றும் செய்யாது, பனிக்குத்தான் பணியும். போதாக்குறைக்கு, அது சிறகை அடித்துச் சுழற்காற்று கிளப்பித் தூரத்தில் நிற்பவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இங்கே நைட் என்சான்ட்டரின் கைதான் ஓங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேம் முழுக்கத் தேடினாலும் அப்படி 10 பெரிய டிராகன்கள்தான். மீதி நேரமெல்லாம் கும்பல் கும்பலாக வரும் ஆட்களோடும் பிசாசுகளோடும்தான் மல்லுக்கட்டப் போகிறீர்கள். விவியன் என்ற பெண் மேஜ் உங்கள் கூட்டணியில் சேர்ந்திருந்தால் டிராகன் சண்டைக்கு மட்டும் அவரை அழைத்துப் போங்கள், அவர் நைட் என்சான்ட்டர்.

மூன்றாவது பிரிவான நெக்ரோமேன்சர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இரண்டு வரியில் முடிக்கிறேன். வாக்கிங் பாம் அழகான மந்திரம், விஷம் ஏறியவன் செத்து விழும்போது வெடிப்பான். பயமுறுத்தி ஓட விடுவதும் உண்டு. ஆனால் பயந்தவன் ஃபயர் மைனை விட்டும் ஓடிப் போவான், உங்கள் ஆட்டத்துக்கு அது இடைஞ்சல்.

சரி, நான் சொன்னேன் என்பதற்காக உடனே எடுத்துவிடாதீர்கள். ஒரு முறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. பாயின்ட்களைத் திருப்பித் தரும் டாக்டிஷியன்ஸ் ரினியூவல் என்ற தாயத்து உண்டு, முதல் தடவை 1 தங்கத்துக்கே கிடைக்கும். ஆனால் அது திறமைகளைத்தான் கலைக்கும், ஸ்பெஷலைசேஷனைக் கலைக்காது. அதனால் வார் டேபிளில், அதாவது ஆட்களை வேலைக்கு அனுப்பும் வரைபட மேசையில், அதற்கான ஆபரேஷனை முடித்து, மூன்று பயிற்சியாளர்களும் வந்ததும், மூவரோடும் பேசுங்கள். ஆளுக்கொரு சேகரிப்பு வேலை சொல்வார்கள். மூன்றையும் ஏற்றுக்கொள்ளலாம், ஒன்றைத்தான் முடிக்க முடியும். ரிஃப்ட் மேஜ் சொல்லித்தர வருகிற அம்மாவுக்குத் திரையில் பெயரே ‘யுவர் ட்ரெய்னர்’ என்றுதான் வரும். பேச்சும் ஒரு மாதிரி எங்கெங்கோ போகும். அவசரப்படாமல் நின்று கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் அவர்.

வேலையை முடித்து அவரிடம் ஒப்படைக்கும் முன்னால், தனியாக ஒரு ஸ்லாட்டில் கையாலேயே சேவ் செய்யுங்கள். ஆட்டோசேவை நம்ப வேண்டாம், அது அடுத்தடுத்து மேலே எழுதிக்கொண்டே போகும். பிறகு ஸ்பெஷலைசேஷனை எடுத்து, கையிலிருக்கும் பாயின்ட்களைப் போட்டு, ஏற்கெனவே உங்களைக் கொன்ற ஒரு கும்பல் இருக்கும் பக்கமாகப் போய்ச் சண்டை போட்டுப் பாருங்கள். புதிதாக ஓர் இடத்தில் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. பிடிக்கவில்லையா, அந்த சேவ் ஃபைலை லோட் செய்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

எடுத்துவிட்டால் முதலில் ஸ்டோன்ஃபிஸ்ட் பக்கம், அங்கிருந்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் புல் ஆஃப் தி அபிஸ். வெயில்ஸ்ட்ரைக் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பனி மந்திரங்களின் திறமை மரத்தில் ஃபேட் ஸ்டெப் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரு பாயின்ட் ஒதுக்கிவிடுங்கள். அந்த இரட்டைக் கத்திக்காரன் எப்படியும் ஒரு நாள் முதுகுப் பக்கம் வந்து நிற்பான், வழுக்கி வெளியே வர அதுதான் வழி.